மூன்றைப் போட்டுப் பார்க்காதவர்கள்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் யாராவது கேட்கும்போது ‘ஒரு மழை நாளில்...’ என்று ஆரம்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

கதை ஓர் ஏணியிலிருந்து வந்தது. என் அலுமினிய ஏணி அக்கா வீட்டுக்கு இரவல் போனது, திரும்பவில்லை. அதை வாங்கி வரப் போனேன். ஏணியின் மீது துணி காய்ந்துகொண்டிருந்தது. அக்கா மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கணிதம் படிக்கிறாள், கடைசி வருடம். உரித்தாள் என்று நான் எழுதுவது ஒரு நாகரிகத்துக்காக. பார்த்தால் ஒவ்வொரு பல்லையும் விசாரணைக்கு உட்படுத்துவது போலிருந்தது.

“பூண்டு மேல என்னடி கோபம்?”

“பூண்டு மேல இல்ல மாமா. மூணு பேரு மேல.”

சொல்லத் தொடங்கினாள். முக்கால்வாசி சொல்லியிருப்பாள். மாடியிலிருந்து அக்கா கத்தினாள்: “ஏய், மோட்டார நிறுத்துடி! டாங்க் வழிஞ்சு தெரு வரைக்கும் ஓடுது!” அவள் எழுந்து ஓடினாள். நான் மிச்சத்துக்குக் காத்திருக்கவில்லை. ஏணியில்லாமல், முக்கால் கதையோடு வீட்டுக்கு வந்தேன். முக்கால் கதை கையில் இருந்தால் எழுத்தாளன் என்ன செய்வான்? மீதிக் காலை அவனே போட்டுவிடுவான். தொழில் அப்படி.

2.

தொடக்கங்கள்:

‘கணிதம் மௌனத்தின் மொழி.’ அடித்துவிட்டேன். கணிதம் படிக்கும் நான்கு பேரை ஓர் அறையில் அடைத்தால் எழும் சத்தத்தைக் கேட்காதவர்தான் அப்படி எழுத முடியும்.

‘அந்த அறையில் நான்கு ஸ்டூல்கள் இருந்தன. அவற்றில் ஒன்று நொண்டியது. அந்த நொண்டலில்தான் இந்தத் தலைமுறையின்—’ இதையும் விட்டுவிட்டேன். விமர்சகர்கள் அந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆனால் ஸ்டூல் நிஜமாகவே நொண்டியது. ஒரு காலுக்கடியில் மடித்த காகிதம் செருகியிருந்தது. எனவே ஸ்டூல் இருக்கட்டும், தலைமுறை போகட்டும்.

இப்போது ஒழுங்காக. கல்லூரியின் இரண்டாவது மாடிக் கோடியில், யாரும் பயன்படுத்தாத ஓர் ஆய்வகம். ஒரு தொட்டி, திறந்தால் காற்று மட்டும் வரும் குழாய். ஒரு கரும்பலகை, அதன் வலது மேல் மூலை வழுவழுவென்று ஆகிவிட்டதால் சாக்பீஸ் பிடிக்காது. மேலே ஒரு மின்விசிறி. வகுப்பு முடிந்ததும் நான்கு பேர் அங்கே கூடுவார்கள். எண்களைப் பற்றிய கடினமான புதிர்களை எடுத்துவைத்துச் சேர்ந்து தீர்ப்பார்கள். எதற்கு? இதை நானும் கேட்டேன். “எதுக்குன்னா என்ன மாமா, சும்மாதான்” என்றாள். நாவல் எழுதுகிறவர்கள்கூட இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்வதில்லை.

நால்வருக்கும் பட்டப்பெயர் உண்டு. தலைவர்: அவராகவே ஆனவர், தேர்தல் நடக்கவில்லை. எக்ஸ்பிரஸ்: கேள்வி முடிவதற்குள் பதிலுக்குக் கிளம்பிவிடும் பெண், பல நேரம் வேறு ஊருக்கு. ஆமாஞ்சாமி: தலைவர் சொல்வதற்கு ‘ஆமா ஆமா’ என்று சொல்லிச் சொல்லியே மூன்றாம் வருடம் வரை தேறியவன். நான்காவது, என் அக்கா மகள். பெயர் ‘மீதி’. கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு மூன்று பேர் கொண்ட அணிதான் போக முடியும். ஒவ்வொரு வருடமும் மூன்று பேர் போவார்கள். இவள் வாசலில் நின்று கையசைப்பாள்.

[இந்த இடத்தில் வாசகருக்கு அவள்மேல் இரக்கம் வர வேண்டும். வரவில்லையென்றால் தவறு என்னுடையது. அவளிடம் கேட்டபோது, “மீதி வந்தாத்தான் மாமா கணக்கு சுவாரசியம், மீதி இல்லாம வகுபட்டா அதோட முடிஞ்சுது” என்றாள். இரக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.]

3.

இந்த நால்வர் சங்கத்தின் விதிகளைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

விடை கிடைத்தவர் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் தேடும் சுகத்தைக் கெடுப்பது பாவம். எல்லாப் பேனாவும் கீழே வந்தபின் அடுத்த புதிர். இது உன்னதமான ஏற்பாடாகத்தான் தொடங்கியிருக்கிறது. போகப் போக அதன்மேல் இன்னொன்று படிந்தது: கீழே வைத்தவரிடம் ‘எப்படி?’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் உனக்கு வரவில்லை என்று அர்த்தம்.

மூன்றாவதாக ஒன்று. எண்களைப் போட்டுப் பார்க்கக் கூடாது. புதிர் எல்லா எண்களையும் பற்றிப் பேசும்போது, நாலைப் போட்டுப் பார்த்தேன், அஞ்சைப் போட்டுப் பார்த்தேன் என்று சொல்வது கேவலம். அதற்கு அவர்கள் ‘விரல் விடுவது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைவர் சொல்வாராம்: “விரல் விடறவங்க கடையில உக்காரட்டும். இங்க யோசிக்கறவங்க மட்டும்.”

“ஆமா ஆமா” என்பானாம் ஆமாஞ்சாமி.

[இலக்கியக் கூட்டங்களுக்குப் போய்ப் பழக்கப்பட்டவர்களுக்கு இந்த விதிகள் புதிதாகத் தெரியாது. ஒரு கவிதை வாசிக்கப்படும். ஒருவர் கண்ணை மூடித் தலையாட்டுவார். பக்கத்திலிருப்பவரும் ஆட்டுவார். ‘என்ன அர்த்தம்?’ என்று கேட்டவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். நான் நன்றாகத் தலையாட்டுவேன். எல்லாக் கூட்டத்துக்கும் அழைப்பு வருகிறது.]

4.

இந்த வருடம் துறைப் பேராசிரியர் ‘அணியில் யார் யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார். ஜனநாயகம் என்று நினைக்க வேண்டாம். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. தலைவர் ஒரு வழி சொன்னார்: ஒரே ஒரு புதிர், முதலில் கீழே வரும் மூன்று பேனாக்கள் போட்டிக்குப் போகும்.

புதிரையும் அவரே தந்தார். ஒரு பழைய புதிர் உண்டு, கணிதம் படிக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றைவிடப் பெரிய ஏதாவது ஓர் எண்ணை எடு. இரண்டை அத்தனை முறை எழுதிப் பெருக்கு. வருவதிலிருந்து ஒன்றைக் கழி. நீ எடுத்த எண், கிடைத்த தொகையை மீதியில்லாமல் வகுக்கவே வகுக்காது. நிறுவுக.

“கழித்தல் எல்லாருக்கும் தெரியும்” என்றார் தலைவர். “அதனால கூட்டலா மாத்திட்டேன். ஒன்னக் கூட்டு. அப்பவும் வகுக்காதுன்னு நிறுவணும். இதுதான் என் சொந்தச் சரக்கு.”

“சூப்பர் தலைவரே” என்றாள் எக்ஸ்பிரஸ்.

“ஆமா ஆமா.”

வாசகருக்குப் புரிவதற்காக ஓர் உதாரணம். (நான் சங்க உறுப்பினன் இல்லை, எனக்கு விரல் விட உரிமை உண்டு.) ஐந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் முப்பத்திரண்டு. ஒன்றைக் கூட்டினால் முப்பத்து மூன்று. ஐந்தால் முப்பத்து மூன்று வகுபடாது. சரிதானே? நான்கு என்றால் பதினாறும் ஒன்றும் பதினேழு. நான்கால் வகுபடாது. சரி. தலைவர் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

தலைவரின் பேனா உடனே கீழே வந்தது; புதிர் அவருடைய சொந்தச் சரக்கு. அவர் பேனாவைப் பார்த்து எக்ஸ்பிரஸின் பேனா வந்தது. அவள் பேனாவைப் பார்த்து ஆமாஞ்சாமி தன் தாளைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான், வைத்துவிட்டான்.

மூன்று பேனாவும் கீழே. நொண்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளின் கையில் மட்டும் பேனா.

5.

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தலைவரை நம்ப முடியவில்லை. மனிதனாக நம்ப முடியவில்லை என்றில்லை, பாத்திரமாக. முதல் வரைவில் அவனை வில்லனாக எழுதினேன். அவன் அப்பாவுக்கு ஒரு பெரிய கார் கொடுத்தேன். கருப்புக் கண்ணாடியும். அக்கா மகள் வாசித்துவிட்டுத் தொலைபேசியில் சிரித்த சிரிப்பில் காரைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

“மாமா, அவன் அப்பா தையல்காரரு. எனக்கு முதல் வருஷத்துல ஒன்னுமே புரியாதப்ப, படிக்கட்டுல உக்கார வச்சு சொல்லிக் குடுத்தது அவன்தான். ‘எப்படி’ன்னு கேக்கக் கூடாதுங்கற ரூல் அப்ப இல்ல.”

“அப்ப அவன் நல்லவனா?”

“நல்லவன்தான். கொஞ்சம் தலைவரா ஆயிட்டான், அவ்ளோதான்.”

இந்த வாக்கியத்தை நானே எழுதியதாகக் காட்டிக்கொள்ள மிகவும் ஆசைப்பட்டேன்.

6.

அவளுக்கு ஏன் வரவில்லை? மண்டை மந்தம் என்று மூன்று பேரும் நினைத்தார்கள். உண்மை வேறு: அங்கே கணக்குப் போட்டது அவள் ஒருத்திதான்.

பழைய கழித்தல் புதிருக்கு ஓர் அழகான வழி உண்டு. அப்படி வகுக்கும் எண் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த எண்ணை வகுக்கும் பகா எண்களில் மிகச் சிறியது எது என்று தேட வேண்டும். தேடிக்கொண்டே போனால் அப்படி ஒரு பகா எண் இருக்கவே முடியாது என்று வந்து நிற்கும். முரண்பாடு; கதை முடிந்தது. அதே வழியில் கூட்டலுக்கும் போனாள். முரண்பாடு வரவில்லை. ‘அந்தப் பகா எண் மூன்றாகத்தான் இருக்க முடியும்’ என்று வந்து நின்றது. எங்கோ பிசகிவிட்டோம் என்று அடித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் மூன்று. இன்னொரு தாள். மூன்று.

தலைவர் பேராசிரியருக்குப் பெயர்களை அனுப்பக் கைப்பேசியை எடுத்துவிட்டார். “என்ன மீதி, இன்னும் வரலயா?”

“ஒரு நிமிஷம் தலைவரே.”

“பரவால்லடி, விடு” என்றாள் எக்ஸ்பிரஸ், அன்பாக. அந்த அன்புதான் தாங்கவில்லை என்றாள் இவள் என்னிடம், பூண்டை நசுக்கியபடி.

அப்போதுதான் மேசைக்கடியில், மடியில் தாளை வைத்து, சங்கத்தின் புனித விதியை மீறினாள். விரல் விட்டாள். மூன்றைப் போட்டுப் பார்த்தாள்.

இரண்டை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் எட்டு. ஒன்றைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பதை மூன்று வகுக்கும்.

மீதியில்லாமல்.

[சற்று முன் நான் ஐந்தைப் போட்டுக் காட்டினேன், நான்கைப் போட்டுக் காட்டினேன், ‘சரிதானே?’ என்று கேட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள். ஏன் மூன்றைத் தாண்டிக் குதித்தேன் என்று கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை, நானும் முதலில் கேட்டபோது ஆட்டினேன். உங்கள் பேனாவும் கீழேதான் இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன், அவ்வளவுதான்.]

ஆக, புதிரே பொய். மூன்று பேர் நிறுவி முடித்துப் பேனாவைக் கீழே வைத்திருந்த விஷயம், பள்ளிக்கூடப் பிள்ளை போட்டுப் பார்த்தாலே உடைந்துபோகும் பொய்.

“சொல்லு மீதி, வந்துச்சா இல்லையா? அனுப்பவா?” என்றார் தலைவர்.

இந்த இடத்தில்தான் டாங்க் வழிந்தது.

7.

நான் எழுதிய முடிவு இது:

‘அவள் எழுந்தாள். நொண்டி ஸ்டூல் பின்னால் சரிந்தது. பலகையை நோக்கி நடந்தாள். சாக்பீஸை எடுத்து, ஒரே ஓர் எண்ணை எழுதினாள். 3. அறை உறைந்தது. சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிகூட ஒரு கணம் நின்றது போல—’

எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. அவளுக்கு அனுப்பினேன். மாலையில் நேரிலேயே வந்துவிட்டாள். ஏணி வரவில்லை.

“மின்விசிறி நின்னுச்சாமா?”

“அது ஒரு... உவமை.”

“அந்த ஃபேன் ஓடினதே இல்ல மாமா. ரெக்கையே கிடையாது.”

“சரி, அத எடுத்துடறேன். மத்தது?”

“நான் போர்டுக்குப் போனேன்னு யார் சொன்னா?”

“வேற எங்க போயிருப்ப?”

“கேட்டீங்களா?”

நான் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினேன். அவை ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

“அன்னிக்குப் போன்ல பேசினப்பகூட மாமா. ‘அப்புறம் என்னடி ஆச்சு’ன்னு ஒரே ஒரு வார்த்தை. கேக்கல. எப்படி முடியும்னு உங்களுக்கே தெரிஞ்சு போச்சு, பேனாவக் கீழ வச்சிட்டீங்க. உங்கள எங்க சங்கத்துல உடனே சேர்த்துக்குவாங்க.”

முப்பது வருடமாக விமர்சனம் வாங்குகிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

8.

“சரி, இப்பக் கேக்கறேன். என்ன ஆச்சு?”

“நீங்களே சொல்லுங்க. என்னல்லாம் ஆகியிருக்கலாம்?”

“ஒன்னு, நீ மூணுன்னு சொல்லியிருப்ப.”

“சொன்னா என் பேரு லிஸ்ட்ல வந்துடும். ஆனா தலைவர் முகத்துல எப்படி முழிப்பேன்? போட்டியில மூணு பேரும் ஒரே மேசை, ஒரே தாள். நான் ஒவ்வொரு வரி எழுதும்போதும் அவங்க காதுல மூணு மூணுன்னுதான் விழும். அப்படி உக்காந்து என்ன கணக்குப் போடறது?”

“அப்ப ரெண்டாவது. நீ சும்மா இருந்துட்ட.”

“சும்மா இருந்தா, அவங்க அங்க போயும் இதே மாதிரி பேனாவக் கீழ வைப்பாங்க. அங்க இருக்கறவங்க ‘எப்படி’ன்னு கேப்பாங்க மாமா. ஊருக்கு முன்னாடி நிப்பாங்க.”

“நிக்கட்டுமே! உன்ன வருஷா வருஷம் வாசல்ல நிக்க வச்சவங்கதானே?”

அவள் வயதில் கோபம் வந்தால் கத்துவார்கள். இவள் என் மேசையிலிருந்த பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

“எனக்குப் போகணும் மாமா. ரொம்பப் போகணும். கடைசி வருஷம் இது. ஆனா அந்த மூணு பேர விட்டா இதப் பேச எனக்கு ஆளே கிடையாது. வீட்டுல சொன்னா அம்மா ‘சாப்டியா’ங்கறா. உங்ககிட்ட சொன்னா நீங்க கதை எழுதறீங்க.”

இதையும் எழுதப் போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

“என்னதான்டி பண்ணின?”

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். “ரெண்டு வழி சொன்னீங்க. ரெண்டத் தவிர வேற வழியே இல்லைன்னு நிறுவுங்க. அப்புறம் சொல்றேன்.”

9.

நிறுவ முடியவில்லை. மூன்றாவது வழி ஒன்று அகப்பட்டது.

அவள் பேனாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொல்கிறாள்: “எனக்கு வரல தலைவரே. எப்படின்னு சொல்லிக் குடுங்க. முன்னாடி படிக்கட்டுல சொல்லிக் குடுத்த மாதிரி.” கேட்கவே கூடாத கேள்வி. கேட்டால் தோற்றவள் என்று அர்த்தம். தோற்றவளாகவே கேட்கிறாள். தலைவர் சிரித்துக்கொண்டே பலகைக்குப் போகிறார். சாக்பீஸ் பிடிக்காத மூலையை விட்டுவிட்டு எழுத ஆரம்பிக்கிறார். மிகச் சிறிய பகா எண் எது? அடுத்த வரி. அடுத்த வரி. கை மெல்ல மெதுவாகிறது. அவராகவே மூன்றில் வந்து—

நன்றாக வந்தது. அதனாலேயே சந்தேகம். இதில் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். நிஜத்தில் அத்தனை பேர் ஒரே அறையில் ஒரே நேரத்தில் நல்லவர்களாக இருந்து நான் பார்த்ததில்லை. தவிர, பலகையில் மூன்று வந்து நின்றதும் அந்தத் தலைவர் திரும்பிப் பார்த்து என்ன சொல்வார்? ‘உனக்கு முன்னாடியே தெரியுமா?’ என்பாரா? ‘அணியில என் பேர எடுத்துடறேன்’ என்பாரா? ‘மணி ஆச்சு, போலாம்’ என்பாரா? மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே அவர் குரலில் பொருந்துகின்றன. இந்த அவமானம் எந்தப் பாத்திரத்திடமும் எனக்கு நேர்ந்ததில்லை.

10.

போட்டி நாள் காலை அக்காவுக்குப் போன் செய்தேன்.

“அவ கிளம்பிட்டாளா அக்கா?”

“அப்பவே போயிட்டா.”

“போட்டிக்கா? அணியிலயா, இல்ல சும்மா கூடவா?”

“எனக்கென்னடா தெரியும்? நாலு பேருக்குச் சாப்பாடு கட்டிக் குடுன்னா. நாலு டப்பா கட்டிக் குடுத்தேன்.”

“நாலா? அணி மூணு பேர்தானேக்கா.”

“உன் மருமக கணக்கு அது. நாலுன்னா நாலு. ஒரு டப்பால மட்டும் மிளகாய் போடாதேன்னா. அந்தத் தையல்காரர் பையனுக்கு ஒத்துக்காதாம்.”

“யார் உள்ள உக்காருவாங்க, யார் வெளிய நிப்பாங்கன்னு ஏதாவது சொன்னாளா?”

“ஏன்டா, அவகிட்டயே கேளேன். வாய் எதுக்கு இருக்கு?”

“அது சரி. ஏணி?”

“துணி காயுது.” வைத்துவிட்டாள்.

ஆக, நம்மிடம் இருப்பவை: நான்கு டப்பாக்கள், அதில் ஒன்று காரமில்லாதது. ஒரு மேசை. மூன்று நாற்காலிகள். போட்டி நடக்கும் மண்டபம் இங்கிருந்து ஒரே பேருந்தில் போகும் தூரம்.

தலைவரை வெளியே நிறுத்திவிட உங்களுக்கு ஆசையாக இருக்கும், எனக்கும்தான். ஆமாஞ்சாமியை நிறுத்தினால் கதைக்கு நீதி கிடைத்த மாதிரி இருக்கும். எக்ஸ்பிரஸ் தானாகவே விலகினாள் என்றால் ஒரு திருப்பம். அக்கா மகளே மறுபடி வாசலில் நின்று கையசைக்கிறாள் என்றால் என் கதைக்குப் பரிசு நிச்சயம். நடுவர்களுக்கு அதுதான் பிடிக்கும். நான்கும் என் தாளில் தயாராக இருக்கின்றன. நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன.

பேனாவைக் கீழே வைக்கவில்லை. சட்டைப்பையில் செருகிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்குக் கிளம்புகிறேன். மண்டப வாசலில் யார் நின்றாலும் சரி, முப்பது வருடமாகக் கேட்காத ‘எப்படி?’ என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதாக உத்தேசம்.

நான் போய்ச் சேர்வதற்குள் முடிவை நீங்கள் எழுதி வையுங்கள். எழுதியபின் பக்கத்திலிருப்பவரிடம் காட்டுங்கள். அவர் தலையாட்டினால் நம்பாதீர்கள். ‘எப்படி?’ என்று கேட்டால், அவருக்கு நாற்காலி கொடுங்கள்.